தைவானின் சின்ன நூடுல்ஸ் கடையில் சாப்பிடும் முறை

தைவானின் நகரங்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கொஞ்ச தூரத்திலேயே ஒரு சின்ன நூடுல்ஸ் கடை தென்படும். வாசலிலேயே அடுப்பு, ஆவி பறக்கும் பெரிய அண்டா, உள்ளே ஆறேழு மேசை, முதுகில்லாத வட்ட ஸ்டூல்கள், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குளிர்பெட்டி. அவ்வளவுதான் கடை. யாரும் வந்து உட்காரச் சொல்ல மாட்டார்கள், தண்ணீர் வைக்க மாட்டார்கள். மெனுவில் பெரும்பாலும் சீன எழுத்து மட்டுமே இருக்கும். முதல்முறை போகிறவர்கள் பலர் இதைக் கடைக்காரரின் கடுகடுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இந்தக் கடையில் நடக்கும் ஒவ்வொன்றும் ஒரே கணக்கில்தான் நடக்கிறது: கொதிநீரிலிருந்து எடுத்த நூடுல்ஸ் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சூப்பில் கிடந்தால் ஊறி உப்பிவிடும், சூப் இல்லாவிட்டால் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆகவே கிண்ணம் மேசையில் இறங்கும்போது குச்சி, கரண்டி, தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அந்த ஆயத்தத்தைக் கடை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் நேரம். பல கடைகள் காலை பத்தரை, பதினொன்றுக்குத் திறந்து மதியம் இரண்டு மணிவாக்கில் அடுப்பை அணைத்துவிடும். மறுபடி ஐந்து மணிக்குத்தான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அது கடைக்குக் கடை மாறும். சந்திர நாட்காட்டிப் புத்தாண்டையொட்டிப் பல நாட்கள் சேர்ந்தாற்போல் மூடிக் கிடக்கும். பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்று வரை அலுவலகக் கூட்டம் நெருக்கும். பதினொன்றரைக்குப் போனால் நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், குளிர்பெட்டியில் எல்லாத் தட்டுகளும் இருக்கும். ஒன்றரைக்கு மேல் போனால் இடம் கிடைக்கும், ஆனால் நல்ல தட்டுகள் தீர்ந்திருக்கும்.

உள்ளே போனதும் வாசலில் நிற்பவரைப் பார்த்து எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். இங்கேயே சாப்பிடுவதானால் "நெய்யோங்", கட்டிக்கொண்டு போவதானால் "வாய்தாய்". கடைக்காரரை "லாவ்பான்" என்றும், பெண்ணாக இருந்தால் "லாவ்பான்நியாங்" என்றும் கூப்பிடலாம், அது மரியாதையான விளிதான். கூட்டமாக இருந்தால் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் உங்களையும் அமர்த்துவார்கள். இங்கு அது சாதாரணம். லேசாகத் தலையசைத்துவிட்டு உட்காருங்கள், பேச்சுக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மேசையில் அல்லது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுச் சீட்டும் பென்சிலும் இருக்கும். சில கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையும் அழிக்கக்கூடிய பேனாவும். சீட்டில் இடப்பக்கம் பதார்த்தத்தின் பெயர், அடுத்து விலை, அதற்கடுத்து எண்ணிக்கை எழுதும் காலிக் கட்டம். அதில் 1, 2 என்று எழுதினால் போதும். 'டிக்' போடாதீர்கள், எத்தனை என்பது தெரியாமல் அவர்கள் திரும்பி வந்து கேட்க வேண்டியிருக்கும். நிறையக் கடைகளில் ஒரே வரியில் இரண்டு விலை இருக்கும்: குறைந்தது சின்னக் கிண்ணத்துக்கு, கூடியது பெரியதற்கு. விலைக்குரிய எழுத்தின் நடுவில் ஒரு நெடுங்கோடும் இருபுறமும் ஒவ்வொரு சிறு கோடும் இருந்தால் சின்னது. ஒரு படுக்கைக் கோட்டின் நடுவிலிருந்து இரண்டு கால்கள் விரிந்தால் பெரியது. அதேபோல் சூப் உள்ளதா இல்லாததா என்ற இரண்டு பத்திகள் இருந்தால், எழுத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று சிறு கோடுகள் உள்ளது சூப். மற்றது 'உலர்', அதாவது சூப் ஊற்றாமல் சாஸில் கலந்து தருவது.

சீட்டில் மறக்கக் கூடாதது மேசை எண். மேசையின் மூலையிலோ சுவரிலோ ஒட்டியிருக்கும். அதை எழுதாமல் கொடுத்தால் உங்கள் கிண்ணம் அடுப்படியில் நின்று ஊறிக்கொண்டிருக்கும், அல்லது வேறு மேசைக்குப் போய்விடும். நிரப்பிய சீட்டை எழுந்துபோய்க் கல்லாவில் கொடுக்க வேண்டும். மேசையில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதுதான் வெளியூர்க்காரர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை. காசு முன்னால் கொடுப்பதா, பிறகா என்பதை உங்களுக்கு முன் நிற்பவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமரா அச்சிட்ட சீட்டை ஓரளவு ஒழுங்காகப் படிக்கும். சுவரில் தூரிகையால் எழுதிய பலகையைப் பெரும்பாலும் தப்பாகப் படிக்கும். ஆகவே சீட்டையே நம்புங்கள்.

இனி கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெளிநாட்டவர் தேடிப்போவது பெரும்பாலும் நியூரோ மியென், மாட்டிறைச்சி நூடுல்ஸ். இது தைவானின் பழைய உணவு அல்ல. 1949-இல் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் குடியேறிய பிறகு பரவியது. 1950-களில் அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு நூடுல்ஸை மலிவாக்கியது. தெற்கே காவ்ஷியுங் பகுதியின் காங்ஷானில் விமானப்படைக் குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில் ஃபாவா அவரையையும் மிளகாயையும் புளிக்கவைத்துச் செய்யும் காரவிழுது இன்றும் பெயர்பெற்றது. செந்நிற சூப்பின் உயிரே அந்த விழுதுதான். தைபேயின் யோங்காங் தெரு, தாவ்யுவான் தெரு ஆகியவை இந்த உணவுக்காகவே பேசப்படுபவை. ஆனால் நல்ல கிண்ணத்துக்கு அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. புகழ்பெற்ற கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பதைவிட, குடியிருப்புப் பகுதியில் மதியம் கூட்டம் நிறையும் கடையே எனக்கு உகந்தது. விற்பனை ஓட்டம் இருக்கும் இடத்தில் எலும்புச் சூப் தினமும் புதிதாகும்.

இரண்டு வகை சூப் உண்டு. ஹோங்ஷாவ் என்பது செந்நிறம்: காரவிழுதை மாட்டுக் கொழுப்பில் நிறம் இறங்கும்வரை வதக்கி, சோயா சாஸ், சர்க்கரை, இஞ்சி, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ, சிச்சுவான் மிளகு சேர்த்து, சில கடைகளில் தக்காளியும் போட்டு, எலும்புச் சூப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சுவது. ச்சிங்துன் என்பது தெளிந்த சூப்: விழுதும் சோயாவும் இல்லை, எலும்பும் இறைச்சியும் இஞ்சியும் முள்ளங்கியும்தான் பேசும். காரத்துக்குப் பழகிய நாக்கு தெளிந்த சூப்பை முதல் வாயில் 'சப்பென்று' என்று தள்ளிவிடும். நாலைந்து கரண்டி பொறுங்கள். எலும்பின் இனிப்பு அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

இந்த வகையில் சீட்டின் மிகப் பெரிய பொறி மூன்று பெயர்களில் இருக்கிறது. நியூரோ மியென் என்றால் இறைச்சித் துண்டுகளோடு நூடுல்ஸ். நியூரோ தாங் மியென் என்றால் மாட்டிறைச்சிச் சூப்பில் வெறும் நூடுல்ஸ், துண்டு கிடையாது. விலை பாதியளவுக்குக் குறைந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்து எழுதிவிட்டு, கிண்ணம் வந்ததும் "இறைச்சியை மறந்துவிட்டார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. மறக்கவில்லை, அதுதான் அந்தப் பண்டம். நியூரோ தாங் என்றால் இறைச்சியோடு சூப், நூடுல்ஸ் இல்லை. தாய்னான் நகரில் இதே பெயரில் கிடைப்பது வேறு: மெல்லியதாகச் சீவிய பச்சை இறைச்சியின்மேல் கொதிக்கும் சூப்பை ஊற்றி விடியற்காலையில் தருவார்கள். இறைச்சியில் தேர்வு இருந்தால் 'பான்ஜின் பான்ரோ' கேளுங்கள், பாதித் தசைநார், பாதிச் சதை. நன்றாக வெந்த தசைநார் பளிங்குபோல் இருக்கும், பல்லில் ஒட்டாமல் கரையும். வேகாதது ரப்பராக இழுக்கும். கடையின் பொறுமையை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நூடுல்ஸின் அகலத்தையும் பல கடைகள் கேட்கும். மெல்லியது ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் சூப்பில் வேகமாக உப்பும். பட்டையானது மெல்ல உப்பும், கனமான செந்நிறச் சூப்புக்குப் பொருத்தம். கத்தியால் மாவுக் கட்டியிலிருந்து சீவி விழுத்துவது தடிமன் கூடியது, வேக ஐந்து நிமிடத்துக்கு மேலும் ஆகும். மெதுவாகச் சாப்பிடுபவர், குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு சாப்பிடுபவர் பட்டையானதையே கேட்பது நல்லது. குழந்தைக்குத் தனிச் சின்னக் கிண்ணமும் கத்தரிக்கோலும் பெரும்பாலான கடைகளில் உண்டு. "ஷியாவ் வான்" என்று கேட்டால் கிண்ணம் தருவார்கள்.

மாட்டிறைச்சிக் கடையைவிட எண்ணிக்கையில் அதிகம் பார்ப்பது சாதாரண நூடுல்ஸ் கடைதான். யாங்ச்சுன் மியென் என்பது அதன் அடிப்படை: வெள்ளை நூடுல்ஸ், எலும்புச் சூப், சோயா, பன்றிக் கொழுப்பில் பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயம், வெங்காயத்தாள். ஐம்பது தைவான் டாலரையொட்டிய விலை. இந்தச் சின்ன வெங்காயத் தூவல்தான் தைவான் தெருவின் மணம், கிட்டத்தட்ட எல்லாக் கிண்ணத்திலும் இருக்கும். மாஜியாங் மியென் என்பது எள் விழுதில் கலந்த உலர் நூடுல்ஸ். பல கடைகளில் விழுதில் வேர்க்கடலையும் கலந்திருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் நிறத்தில் பளபளப்பது சோடா உப்பு போன்ற காரப்பொருள் சேர்த்த மாவில் செய்து முன்பே வேகவைத்து எண்ணெய் தடவிய நூடுல்ஸ், கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும். கோதுமை வேண்டாதவர்களுக்கு அரிசிச் சேமியா, ஹக்கா மக்களின் அகலமான அரிசிப் பட்டை, பாசிப்பயற்று மாவுச் சேமியா மூன்றும் உண்டு. அரிசிச் சேமியாவுக்குப் பெயர்போன ஊர் ஷின்சூ, அங்கே இலையுதிர்காலத்தில் அடிக்கும் வறண்ட காற்றில்தான் அதைக் காயவைப்பது மரபு. ஆனால் அண்டாவும் கம்பிக் கூடையும் எல்லாவற்றுக்கும் பொது. கோதுமை கொஞ்சமும் ஆகாத உடல்நிலை உள்ளவர்களுக்கு இந்தக் கடைகள் ஏற்றவை அல்ல.

உலர் நூடுல்ஸ் வந்ததும் படம் எடுக்காதீர்கள். சாஸ் முழுவதும் அடியில் கிடக்கும். குச்சியை அடிவரை விட்டு நூடுல்ஸைத் தூக்கித் தூக்கிப் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டுங்கள், அதுவும் முதல் அரை நிமிடத்துக்குள். காரணம் இருக்கிறது: நூடுல்ஸின் மேற்பரப்பில் உள்ள மாவுப்பசை சூடு இறங்க இறங்க இறுகும், எள் விழுதோ ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்படும். இரண்டும் சேர்ந்தால் ஒரே கட்டி, அப்புறம் எவ்வளவு கிளறினாலும் சாஸ் உள்ளே போகாது. கெட்டிப்பட்டுவிட்டால் சூடான சூப் ஒன்றிரண்டு கரண்டி ஊற்றித் தளர்த்தலாம், கொஞ்சம் கறுப்பு வினிகரும் உதவும். அதற்காகவே உலர் நூடுல்ஸோடு ஒரு சூப் கேட்பது ஊர் வழக்கம். முட்டைச் சூப், மெல்லிய மாவுத்தாளில் இறைச்சி வைத்து மடித்த வான்டன் சூப், கோங்வான் எனப்படும் பன்றி இறைச்சி உருண்டைச் சூப் ஆகியவை முப்பது முதல் ஐம்பது டாலருக்குள் கிடைக்கும். மீன் உருண்டை என்று எழுதியிருப்பதிலும் கவனம் வேண்டும். சீனாவின் ஃபூஜோ நகர வகை மீன் உருண்டையின் நடுவே பன்றிக் கொத்துக்கறி வைத்திருப்பார்கள்.

தாய்னானின் தான்ஸாய் மியென் தனி ரகம். 1895-இல் ஒரு மீனவர், புயல் காலத்தில் கடலுக்குப் போக முடியாத மாதங்களை ஓட்டுவதற்குக் காவடித் தடியில் சுமந்து விற்கத் தொடங்கியது இது. இறால் தலைச் சூப், பன்றிக் கொத்துக்கறி, ஒற்றை இறால், பூண்டு, கறுப்பு வினிகர், கொத்தமல்லி. கிண்ணம் உள்ளங்கையளவுதான் இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அது பலகாரக் கணக்கு. பசித்தவர்கள் இரண்டு கிண்ணம் வாங்குவார்கள்.

பழுப்பு நிற மெல்லிய சேமியாவைச் சிப்பியோடு கூழாகத் தரும் கடைகளும் உண்டு. அந்தச் சேமியா முன்பே நெடுநேரம் ஆவியில் வேகவைத்தது, அதனால்தான் நிறமும் மாறுகிறது, அண்டாவிலேயே கிடந்தாலும் கரையாமல் இருக்கிறது. மேலே சொன்ன 'சில நிமிடம்' என்ற கணக்குக்கு இது ஒன்றுதான் விலக்கு. இதைக் கரண்டியால் சாப்பிட வேண்டும். இந்த மாதிரிக் கெட்டிச் சூப்புகள் பாதியில் நீர்த்துப்போவதைப் பார்த்துச் சிலர் கடையைக் குறை சொல்வார்கள். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வருவது அது. வாயில் வைத்த கரண்டியால் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கிளறாமல் மேலாக அள்ளிச் சாப்பிட்டால் கடைசிவரை கெட்டியாகவே இருக்கும்.

சீட்டைக் கொடுத்த கையோடு போக வேண்டிய இடம் அந்தக் கண்ணாடிக் குளிர்பெட்டி. உள்ளே சின்னத் தட்டுகளில் ஷியாவ்சாய் அடுக்கியிருக்கும்: சோயாவில் ஊறிய கடற்பாசி, அழுத்திய டோஃபு, அவித்து ஊறவைத்த முட்டை, பூண்டு தட்டிய வெள்ளரி, பன்றிக் காது, பதப்படுத்திக் கறுத்த முட்டையோடு மென் டோஃபு. ஒரு தட்டு முப்பது முதல் அறுபது டாலர். கேட்க வேண்டியதில்லை, கதவைத் திறந்து எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆனால் இரண்டு விஷயம். வெட்டாத முட்டையோ டோஃபுவோ சாஸ் ஊற்றாமல் இருந்தால் கல்லாவில் ஒருமுறை காட்டுங்கள், வெட்டி, வெங்காயத்தாளும் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். குளிர்ந்தே சாப்பிட வேண்டியவை இவை, சுடவைத்துத் தரச் சொல்வது பொருந்தாது. காலித் தட்டுகளை மேசையிலேயே விட்டுவையுங்கள். பின்னால் காசு வாங்கும் கடையில் அவற்றை எண்ணித்தான் கணக்குப் போடுவார்கள். கூடவே கொதிநீரில் முக்கி எடுத்த கீரையும் கேளுங்கள், சர்க்கரைவள்ளிக் கீரையும் வள்ளைக்கீரையும் ஆண்டில் பெரும்பகுதி கிடைக்கும். இறைச்சியும் மாவுமாக இருக்கும் சாப்பாட்டை நிமிர்த்துவது அந்த ஒரு தட்டுதான்.

குச்சி, கரண்டி, மெல்லிய தாள் ஆகியவை மேசையின் இழுப்பறையிலோ ஒரு மூலையிலோ இருக்கும். கிண்ணம் வருவதற்குள் எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்காது என்பதால் பாட்டில் கொண்டு போவது நல்லது. சில கடைகளில் இலவசமாகத் தேநீர்ப் பீப்பாய் வைத்திருப்பார்கள், அது இனிப்பாக இருக்கலாம்.

மேசை மேல் இருக்கும் குப்பிகளுக்கு வருவோம். மிளகாய் எண்ணெய், கறுப்பு வினிகர், கெட்டிச் சோயா, வெள்ளை மிளகுத்தூள் ஆகியவை பொதுவானவை. மாட்டிறைச்சிக் கடையில் கூடவே ஒரு டப்பாவில் சுவான்சாய் இருக்கும், கடுகுக் கீரையை உப்பில் புளிக்கவைத்து நறுக்கி வதக்கியது. இலவசம்தான். கிண்ணம் வந்ததும் எல்லாவற்றையும் அள்ளிப் போடுவது பெரிய இழப்பு. முதலில் ஒன்றும் சேர்க்காமல் மூன்று நான்கு கரண்டி சூப் குடியுங்கள். பிறகு நூடுல்ஸ், அதோடு இறைச்சி. பாதிக் கிண்ணம் ஆனபின், கொழுப்பு நாக்கில் படியத் தொடங்கும்போது, ஒரு கரண்டி சுவான்சாய் போடுங்கள். அதன் புளிப்பு கொழுப்பை வெட்டும். ஏற்கெனவே உப்பான சூப்பில் அதுவும் உப்பு என்பதால் ஒரு கரண்டிக்கு மேல் போட்டால் சூப் குடிக்க முடியாமல் போகும். டப்பாவில் உள்ள கரண்டியாலேயே எடுக்க வேண்டும், உங்கள் குச்சியை உள்ளே விடக் கூடாது. மிளகாய் எண்ணெயில் பெரும்பாலும் காரத்தைவிட மணமே கூடுதல். ஆனால் அடியில் படிந்த விழுது வேறு கதை, கால் கரண்டியில் தொடங்குங்கள். காரமே வேண்டாம் என்றால் "பூ லா", கொஞ்சம் போதும் என்றால் "ஷியாவ் லா".

பெரிய கிண்ணத்தைத் தூக்க வேண்டாம். இடக்கையில் கரண்டி, வலக்கையில் குச்சி: நூடுல்ஸை நாலைந்து இழையாக எடுத்துக் கரண்டியில் இறக்கி வாயருகே கொண்டுவந்தால் சட்டையில் தெறிக்காது. உறிஞ்சும் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குச்சியை உணவில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றும் முறை. கிண்ணத்தின் குறுக்கே படுக்க வைத்தால் போதும்.

அசைவத்தில் எதைத் தவிர்ப்பவர் என்பதைப் பொறுத்துக் கடையையே மாற்ற வேண்டும், பண்டத்தை மட்டும் மாற்றினால் போதாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இங்கே சங்கடமில்லை. உழவுக்கு உதவிய மாட்டை உண்பதில்லை என்ற வழக்கம் தைவானின் பழைய விவசாயக் குடும்பங்களிலும் உண்டு, "மாடு சாப்பிடுவதில்லை" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். சாதாரண நூடுல்ஸ் கடைகள் பலவற்றில் மாட்டிறைச்சியே இருக்காது. மாட்டைக் குறிக்கும் எழுத்து: மேலே இடப்பக்கம் சாய்ந்த ஒரு சிறு கோடு, இரண்டு படுக்கைக் கோடுகள், அவற்றை வெட்டிக்கொண்டு இறங்கும் ஒரு நெடுங்கோடு. பெயர்ப்பலகையில் அது இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். பன்றியைத் தவிர்ப்பவர்களுக்குச் சாதாரணக் கடை ஆகாது, எலும்புச் சூப் முதல் வெங்காயத் தூவல் வரை அதுதான். அவர்கள் அரபு எழுத்துப் பலகை வைத்திருக்கும் முஸ்லிம் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளைத் தேட வேண்டும், தைபே போன்ற நகரங்களில் அவை இருக்கின்றன.

சைவர்கள் சாதாரணக் கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. "பூ யாவ் ரோ" என்றால் துண்டுகளை எடுத்துவிடுவார்கள், எலும்புச் சூப்பும் கொழுப்பும் அப்படியே இருக்கும். கீரைத் தட்டின் மேல்கூடப் பன்றிக் கொத்துக்கறிச் சாஸ் ஊற்றுவது வழக்கம். முட்டையும் டோஃபுவும் இறைச்சி வெந்த அதே சோயாச் சாற்றில் ஊறியவை. நூடுல்ஸ் வேகும் தண்ணீரில்தான் வான்டனும் வேகிறது. எனவே நேரே சைவக் கடைக்குப் போங்கள். தைவானில் பௌத்தர்களும் வேறு சில நெறியினரும் நடத்தும் சைவக் கடைகள் சின்ன ஊர்களிலும் உண்டு, பலகையில் சுவஸ்திகமோ தாமரையோ இருக்கும். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் என்று பொருள். அங்கே செந்நிறச் சூப் நூடுல்ஸ், எள் விழுது நூடுல்ஸ், காரமான வான்டன் எல்லாம் காளானும் சோயாவும் கொண்டு செய்திருப்பார்கள், விலையும் மலிவு. பூண்டும் வெங்காயமும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் மணம் சற்று வேறாக இருக்கும். முட்டையும் பாலும் இருக்கலாம், தேவையானால் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பொட்டல உணவில் சைவத்தை ஐந்து வகையாகப் பிரித்து எழுத வேண்டும் என்பது அங்குள்ள விதி: முழுச் சைவம், முட்டை உள்ளது, பால் உள்ளது, இரண்டும் உள்ளது, பூண்டு வெங்காய வகை உள்ளது. இந்தச் சொற்களின் படங்களைக் கைபேசியில் சேமித்து வைத்தால் நூடுல்ஸ் கடையிலும் அவற்றைக் காட்டியே கேட்கலாம். ஆய்வு மாணவர்களாகத் தைவானுக்குப் போகும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

எதையும் எழுதுமுன் அண்டாவை ஒரு பார்வை பாருங்கள். தண்ணீர் லேசாகக் கலங்கியிருப்பது இயல்பு. கஞ்சியாகக் கெட்டித்திருந்தால் அதில் வெந்த நூடுல்ஸ் வழவழக்கும், சோடா நெடியும் அடிக்கும். நல்ல கடையில் இடையிடையே நீரை வடித்துப் புதிது ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சுவரில் பன்றி இறைச்சி எந்த நாட்டினது என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும், 2021-இலிருந்து உணவகங்களுக்கு அது கட்டாயம்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுவதே வழக்கம், இருபது நிமிடத்தில் ஒரு மேசை மாறும். ஒருவருக்கு ஒரு கிண்ணமாவது வாங்க வேண்டும் என்ற விதி பல கடைகளில் உண்டு, மூன்று பேர் ஒரு கிண்ணத்தைப் பங்கிடுவது நெருக்கடி நேரத்தில் முகச்சுளிப்பை உண்டாக்கும். டிப்ஸ் கிடையாது. கொடுத்தால் மீதிக் காசை மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள். நூறு டாலர் தாள்கள் வைத்திருங்கள், கார்டு எடுக்காத கடைகள் நிறைய. சாதாரண நூடுல்ஸ், ஒரு கீரை, ஒரு சின்னத் தட்டு என்றால் நூற்றைம்பது டாலருக்குள் அடங்கும். மாட்டிறைச்சி நூடுல்ஸ் மட்டுமே நூற்றைம்பதிலிருந்து இருநூற்றைம்பது வரை. ஒரு தைவான் டாலர் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கிண்ணத்தை நீங்களே திருப்பி வைக்க வேண்டிய கடையில், மிச்சச் சூப்பை ஊற்ற ஒரு வாளியும், குச்சிக்குத் தனிப் பெட்டியும் இருக்கும். முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்யுங்கள்.

கட்டிக்கொண்டு போவதானால் சூப்பையும் நூடுல்ஸையும் தனித்தனியாகக் கேளுங்கள். பல கடைகள் கேட்காமலே சூப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும், கொதிக்கும் சூடு என்பதால் முடிச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும், பையின் அடியைத் தாங்கக் கூடாது. பையைக் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்துவிட்டு மூலையைக் கத்தரியுங்கள், முடிச்சை அவிழ்க்க முயன்றால் கை வெந்துபோகும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் முதலில் சூப்பைத் தனியே கொதிக்க விடுங்கள். நூடுல்ஸ் ஒட்டிப்போயிருந்தால் வெந்நீர் ஊற்றிப் பிரித்து வடித்துவிட்டு, கடைசியாகச் சூப்பில் சேர்த்து உடனே சாப்பிடுங்கள். உலர் நூடுல்ஸை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதைக் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.